சில்வர் நானோ: ஸோன் வரவே இல்லை, அவசரம்!

கடைசி_செமஸ்டர்: துளசிச் சாறுல சில்வர் நானோ (நுண்ணிய வெள்ளித் துகள்) செஞ்சேன். ஈ.கோலை பாக்டீரியா தடவின பிளேட்ல வெல் (சின்ன குழி) போட்டு ஊத்தினா ஸோனே (பாக்டீரியா வளராத வட்டம்) இல்ல. திங்கட்கிழமை கைடு டேட்டா கேட்கிறார். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஆய்வகவாசி: என்ன மீடியா? எவ்வளவு ஊத்தினீங்க? ஆன்டிபயாட்டிக் வெல்லுக்கு ஸோன் வந்துச்சா?

பெட்ரித்தட்டு: இனாக்குலம் (தடவுற பாக்டீரியா கரைசல்) 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் அளவுல இருக்கான்னு பார்த்தீங்களா? ராத்திரி முழுக்க வளர்த்த கல்ச்சரை அப்படியே ஸ்வாப் பண்ணா ஸோன் அமுங்கிடும். எனக்கு அதுலதான் சந்தேகம்.

கடைசி_செமஸ்டர்: ஜென்டாமைசினுக்கு நல்லா வந்துச்சு. மீடியா எல்.பி. அகார்தான்.

ஆய்வகவாசி: எல்.பி. மில்லர்னா லிட்டருக்கு 10 கிராம் உப்பு. குளோரைடு வெள்ளி அயனியைப் பிடிச்சு சில்வர் குளோரைடா படிய வச்சிடும். முல்லர்-ஹின்டன் அகாருக்கு மாறுங்க, 4 மி.மீ. கனம்.

முனைவர்_மூத்தவர்: அடிப்படையே படிக்காம ப்ராஜெக்ட்டுக்கு வந்துடறாங்க. நானோ துகள் அகாருக்குள்ள சரியா பரவாது தம்பி. ஸோன் இல்லேன்னா கொல்லலைன்னு அர்த்தமில்ல. பிராத்ல (திரவ மீடியா) எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியைத் தடுக்கிற குறைஞ்சபட்ச அளவு பாரு.

கடைசி_செமஸ்டர்: தம்பி இல்ல சார், தங்கச்சி.

தேன்மொழி: கரைசலே பழுப்பா இருக்குமே, பாக்டீரியா வளர்ந்த கலங்கலை எப்படிப் பார்க்கிறது? ரெசாசுரின் சாயம் விடலாம், உயிர் இருந்தா நீலம் இளஞ்சிவப்பாகும். ஆனா துளசிச் சாறே அதை மாத்திடலாம், பாக்டீரியா இல்லாத வெல் ஒண்ணு கட்டாயம் வைம்மா. ஒவ்வொரு வெல்லுலயும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகார்ல சொட்டு வச்சு வளருதான்னு பாரு, அதுதான் நம்பகம்.

பெட்ரித்தட்டு: ஒப்பிட சில்வர் நைட்ரேட் மட்டும் ஊத்தின கன்ட்ரோல் வச்சீங்களா? பாதி தீசிஸ்ல கொல்றது துகளா மாறாம மிச்சம் கிடக்கிற நைட்ரேட்தான்.

முனைவர்_மூத்தவர்: துகளே செல் சுவரை ஓட்டை போடும்.

பெட்ரித்தட்டு: 2012ல ரைஸ் பல்கலைக்கழகத்துல துகள்ல இருந்து அயனி வராதபடி ஆக்சிஜன் இல்லாம வச்சுப் பார்த்தாங்க, துகளால ஈ.கோலை சாகல. கொல்றது அயனி சார்.

முனைவர்_மூத்தவர்: அந்த அயனியை பாக்டீரியா பக்கத்துல கொண்டுபோய் விடறது எது? துகள்தானே?

ஆய்வகவாசி: ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. தங்கச்சி, கரைசல் என்ன நிறம்?

கடைசி_செமஸ்டர்: செஞ்சப்போ மஞ்சள் பழுப்பு. இப்ப சாம்பலா இருக்கு, அடியில கறுப்பா படிஞ்சிருக்கு. பரவாயில்லையா அண்ணா?

ஆய்வகவாசி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! துகள் எல்லாம் திரண்டுடுச்சு, எந்த மீடியால ஊத்தினாலும் வேஸ்ட். புதுசா செய்ங்க. மிச்ச நைட்ரேட் போக சென்ட்ரிஃப்யூஜ்ல கழுவி, யூவி-விஸ்ல (ஒளி உறிஞ்சலை அளக்கிற கருவி) 400–450 நானோமீட்டர் பக்கம் உச்சி இருக்கான்னு பார்த்துட்டு பிளேட்டுக்குப் போங்க.

கடைசி_செமஸ்டர்: புது பேட்ச், முல்லர்-ஹின்டன். சின்னதா ஸோன் வந்துச்சு. சாறு மட்டும் ஊத்தினதுக்கு இல்ல, நைட்ரேட்டுக்குத்தான் பெருசு. எல்லாருக்கும் நன்றி!

பெட்ரித்தட்டு: கழுவினீங்களா?

பெட்ரித்தட்டு: ஹலோ?