ஸ்பிரிங் ட்ரெயினிங்கில் யாருக்கு எத்தனை மேட்ச்? தலை சுற்றுகிறது

ஏழாவது_இன்னிங்ஸ் கேட்டது:

பேஸ்பால் மேனேஜர் சிமுலேஷனில் இது எனக்கு மூன்றாவது சீசன். முதல் இரண்டு வருடமும் மார்ச் மாத ஸ்பிரிங் ட்ரெயினிங்கை, அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை, அப்படியே ஓடவிட்டுவிட்டு நேராக முதல் மேட்ச்சுக்கு வந்துவிட்டேன். இந்த முறையும் அப்படித்தான் விட்டேன், பத்தாவது நாளே என் செகண்ட் பேஸ்மேனுக்குப் பின்தொடைத் தசை கிழிந்து ஆறு வாரம் வெளியே. போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் கோச் அவனை அதுவரை நடந்த அத்தனை மேட்ச்சிலும் ஒன்பது இன்னிங்ஸும் நிறுத்தி வைத்திருக்கிறார், இது பயிற்சி ஆட்டம் என்ற நினைப்பே இல்லாமல்.

இன்னொரு தலைவலி ஷார்ட்ஸ்டாப். 21 வயதுப் பையன் 34 அட்-பேட்டில் (பேட் பிடித்த முறை) 14 ஹிட், அதாவது சராசரி .412. என் சீனியர் 47-க்கு 8, .170. பையனையே நிறுத்திவிடலாமா? சரி, கோச்சை ஒதுக்கிவிட்டு தினமும் நானே லைன்அப் போடலாம் என்றால் முப்பது மேட்ச், முகாமில் அறுபது பேர், நடக்கிற காரியமா. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இடதுகை_மட்டும்:

தினமும் லைன்அப் போட்டால் மார்ச் முடிவதற்குள் கேமே வெறுத்துவிடும். நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். வலதுகை பிட்சருக்கு ஒன்று, இடதுகை பிட்சருக்கு ஒன்று என்று இரண்டு லைன்அப் இருக்கும் இல்லையா (2022-லிருந்து இரண்டு லீக்கிலும் பிட்சருக்குப் பதில் பேட் பிடிக்கும் டிஎச் வந்துவிட்டதால் இந்த இரண்டே போதும்), அதில் வலதுகைக்கு எதிரானதில் பையன்களைப் போடுங்கள், இடதுகைக்கு எதிரானதில் வழக்கமான ஒன்பது பேர். மேட்ச் தொடங்கும் பிட்சர்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஏழு பேர் வலதுகைதான், அதனால் நீங்கள் தொடாமலே பையன்களுக்கு ஏழு, பெரியவர்களுக்கு மூன்று என்று தானாகப் பிரிந்துவிடும். கடைசிப் பத்து நாளில் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு வருடம் சீசனின் முதல் மேட்ச்சில், பெஞ்ச்சில் உட்கார வேண்டிய நாலு பேர் என் முதல் நாலு பேட்டர். 11-0 தோல்வி. ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் லைன்அப்பையே பார்த்தேன்.

கேட்சரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டெப்த் சார்ட்டில் (எந்த இடத்துக்கு யார் என்ற பட்டியல்) தனியாகப் போய் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு என்று வையுங்கள். உட்கார்ந்து எழும் முட்டிக்கு மார்ச்சும் ஒன்றுதான், செப்டம்பரும் ஒன்றுதான்.

வாக்_வாங்கி:

அந்த .412-ஐ முதலில் மறந்துவிடுங்கள். .250 அடிக்கும் ஆளை 50 முறை பேட் பிடிக்கவிட்டால் வெறும் அதிர்ஷ்டத்திலேயே 60 பாயின்ட் ஏறுவதும் இறங்குவதும் சகஜம், .190-ம் வரும் .310-ம் வரும், ஆள் அதே ஆள். உங்கள் பையன் அடித்ததில் நாலு பந்து ஃபீல்டர் கையில் போயிருந்தால் .294, நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். ரேட்டிங்கை வைத்து உருட்டும் பகடைதான் கேம், மார்ச் ஃபார்ம் என்று ஒன்று அதற்குத் தெரியாது. அவன் அடித்த ஹிட்டெல்லாம் யார் போட்ட பந்து என்று பாக்ஸ் ஸ்கோரை, அதாவது மேட்ச்சின் புள்ளிவிவரப் பக்கத்தை, திறந்து பாருங்கள். எண்கள்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரைக்அவுட்டைப் பாருங்கள், அது கொஞ்சம் சீக்கிரம் உண்மை பேசும்.

அப்புறம், பையனுக்கு ஆப்ஷன் (மைனர் லீக்குக்கு இறக்கித் திரும்பக் கூப்பிடும் உரிமை) எத்தனை வருடம் பாக்கி? அது இருந்தால் கீழே அனுப்புவதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை. 2015-ல் சிகாகோ கப்ஸ் டீம் தன் இளம் பேட்டர் கிரிஸ் பிரயன்ட்டை என்ன செய்தார்கள்? ஸ்பிரிங்கில் .425, ஒன்பது ஹோம் ரன், இருந்தும் மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள்-ஏ-வுக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17-ல்தான் கூப்பிட்டார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள், மேஜர் லீக்கில் ஒரு வருட சர்வீஸ் என்று கணக்காக 172 வேண்டும். ஃப்ரீ ஏஜென்ட் ஆவது, அதாவது எந்த டீமுக்கும் போகலாம் என்ற நிலை, ஒரு வருடம் தள்ளிப்போனது. நிஜத்தில் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், கேமில் மட்டும் கூச்சமில்லாமல் செய்கிறேன்.

மார்ச் மேட்ச்களை யாருக்குக் கொடுப்பது என்றால், கைவிட்டால் திரும்பி வராத ஆட்களுக்கு. ஆப்ஷன் தீர்ந்தவனை வேவரில் (மற்ற டீம்கள் கேட்டு எடுக்கும் பட்டியல்) போடாமல் கீழே அனுப்ப முடியாது, வேறு டீம் தூக்கிக்கொண்டு போய்விடும். ரூல் 5-ல் (மற்ற டீம்களின் மைனர் லீக் ஆட்களை எடுக்கும் தேர்வு) எடுத்தவன் சீசன் முழுக்க மெயின் டீமின் 26 பேரில் இருந்தாக வேண்டும். இவர்களைப் புதிய இடத்தில் நிறுத்துங்கள், செகண்ட் பேஸ் ஆடியவனைத் தேர்டில், அந்த மாதிரி. ஆட ஆட அந்த இடத்தின் ரேட்டிங் ஏறும். எனக்கு மார்ச்சில் உருப்படியாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.

புல்பென்_வாசி:

பிட்சர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. நிஜத்தில் ஸ்டார்ட்டர் (மேட்ச் தொடங்கும் பிட்சர்) முதல் தடவை இரண்டு இன்னிங்ஸ், முப்பது சொச்சம் பந்து, அப்புறம் ஐந்து நாளுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு இன்னிங்ஸ், பதினைந்து பந்து கூடும், ஐந்தாவது தடவை 90-ஐத் தொடுவான். அந்தக் கடைசித் தடவை சீசனின் முதல் மேட்ச்சுக்கு ஐந்து நாள் முன்னால் விழும்படி பின்னாலிருந்து எண்ணி ரொட்டேஷனை, அதாவது ஸ்டார்ட்டர்களின் முறையை, ஆரம்பியுங்கள். நான் ஆடும் பதிப்பில் பிட்சருக்குத் தெம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதெல்லாம் கிடையாது, களைப்பு மட்டும்தான் கணக்கு. ஆனாலும் ஆளுக்கு ஆள் பந்து வரம்பு வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அதே கோச் மார்ச் 3-ம் தேதியே 100 பந்து போடவைக்கிறார்.

ஏழாவது_இன்னிங்ஸ்:

பாக்ஸ் ஸ்கோர் எல்லாம் திறந்து பார்த்தேன். 14 ஹிட்டில் 9 ஏழாவது இன்னிங்ஸுக்கு அப்புறம், ஏதோ மைனர் லீக்கின் கீழ்மட்ட ஏ-லீக் பையன்கள் போட்ட பந்தில். ஸ்ட்ரைக்அவுட் 13. ஆப்ஷன் மூன்றும் அப்படியே இருக்கிறது, ட்ரிபிள்-ஏ-வுக்கு டிக்கெட் போட்டாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வாரத்தில் ஒரே ஒரு மேட்ச் ஆடிய யூட்டிலிட்டி ஆள் (பல இடத்தில் ஆடக்கூடியவன்) ஒருவன் இருக்கிறான், அவன்தான் ரூல் 5. டிசம்பரில் நானே எடுத்திருக்கிறேன், சுத்தமாக ஞாபகம் இல்லை. இன்று முதல் செகண்ட் பேஸ் அவனுக்கு. லைன்அப்பையும் மேலே சொன்ன மாதிரி பிரித்துவிட்டேன்.

இடதுகை_மட்டும்:

கடைசிப் பத்து நாள். எங்கேயாவது எழுதி ஒட்டி வையுங்கள்.