கரைத்தூண்டில் கையேடு: ‘லூர்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

திருநகர், ஞாயிறு இரவு

குழுவினருக்கு வணக்கம்.

மதுரையிலிருந்து மாதம் ஒரு தடவை மண்டபம், பாம்பன், வாலிநோக்கம் என்று தூண்டில் போடப் போகிறோம் என முன்பே எழுதியிருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக 32 பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை சிம்மக்கல் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான சொற்களைக் கரைக்காரர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டோம்: முள், தங்கூஸ் (நைலான் நரம்பு), ஈயக்குண்டு, தக்கை. இரை பற்றிய பகுதியும் முடிந்துவிட்டது. கிழங்கானுக்கு உரித்த இறாலில் ஒரு சின்னத் துண்டு, பாறை மீனுக்குக் கணவாய்க் கீற்று, கொடுவாவுக்கு உயிரோடு மடவைக் குஞ்சு. ஒரு சொல்தான் நிற்கிறது. லூர்.

இதை எழுதும்போது ஒன்று மேசை மேல் கிடக்கிறது. நடுவிரல் நீளத்தில் பிளாஸ்டிக் மீன். முதுகு நீலம், வயிறு வெள்ளி. வாய்க்குக் கீழே நாக்கைத் துருத்தினாற்போல ஒரு தகடு. ரீலைச் சுற்றி இழுத்தால் தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி மீனைக் கீழே அமுக்கும், உடம்பு இடமும் வலமுமாக ஆடும். வயிற்றுக்குள் இரும்புக் குண்டுகள், குலுக்கினால் கலகலக்கும். அடியில் இரண்டு மும்முள். தின்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. அடிபட்ட சாளை தடுமாறி நீந்துகிறது என்று நம்பித்தான் பாறை பாய்கிறது.

இப்போதைக்குச் ‘செயற்கை இரை’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. நம் கண்மாய்களில் கெண்டைக்கு மைதா உருட்டிப் போடுகிறோமே, அதுவும் செயற்கைதான். ஆனால் அதை மீன் தின்ன முடியும். இதைத் தின்ன முடியாது. அந்த வேறுபாடு சொல்லிலேயே வர வேண்டும்.

மேலூர், திங்கள் காலை

தம்பிக்கு,

சொல்லை வெளியே தேட வேண்டாம். குறள் 931-ஐ எடுத்துப் பாருங்கள். சூதில் வென்றதைத் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்கிறார். மீன் உணவென்று நம்பி விழுங்குவது உலோகத்தை. நீங்கள் கேட்பதும் அதுதானே? தூண்டிற்பொன் என்றே வைக்கலாம்.

பொன் என்றதும் தங்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த இடத்தில் அது இரும்பு. ஐம்பொன் என்கிறோமே, அங்கே பொன் உலோகப் பொதுப்பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். இரும்பு என்ற சொல்லே இரும் பொன் என்பதிலிருந்தும், செம்பு செம்பொன் என்பதிலிருந்தும் வந்தவை என்பது என் துணிபு. இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், விரும்புவோருக்கு அனுப்புகிறேன். அது கிடக்கட்டும், இரண்டாயிரம் ஆண்டு புழங்கிய மொழியில் ஒரு பிளாஸ்டிக் மீனுக்குப் பெயர் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பாம்பன், திங்கள் மதியம்

ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் கரையில் போய்த் தூண்டிற்பொன் என்றால் ஒருத்தருக்கும் விளங்காது. எங்கள் சித்தப்பா காலத்திலேயே முள்ளில் பளபளக்கிற நூலைக் கட்டிப் போட்டுப் பாறைக்குட்டி பிடித்திருக்கிறார்கள். அதற்குத் தனிப்பெயர் வைத்து நான் கேட்டதில்லை, நூல் கட்டின தூண்டில் என்பார்கள். இப்போது பையன்கள் எல்லாரும் லூர் என்கிறார்கள். அதையே விட்டுவிடுங்கள்.

சொல்லை விட இடத்தைச் சரியாக எழுதுங்கள், அண்ணே. உங்கள் படியில் ‘ராமேஸ்வரம் கடல்’ என்று பொதுவாக இருக்கிறது. இங்கே கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் ஆண்கடல் பக்கம் நிற்க முடியாது, பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் அப்படியே மாறும். அரிச்சல்முனையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசலாம் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். அங்கே நீவாடு, அதாவது நீரோட்டம், ஆளை இழுத்துவிடும், மணலும் காலடியில் கரையும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே இறங்கவே கூடாது. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கே.கே. நகர், திங்கள் இரவு

பாம்பன் தம்பி சொன்ன திருத்தங்களை முதலில் செய்துவிடுங்கள். சொல் ஒரு நாள் தாமதித்தால் கேடில்லை.

சொல்லுக்கு வருகிறேன். எனக்குத் தனிமடலில் மூன்று முன்மொழிவுகள் வந்தன. ‘மாய இரை’ எழுத்தில் அழகு. சேர்த்துச் சொன்னால் மாயவிரை ஆகி, விரை என்று காதில் விழும். ‘மாயிரை’ என்று சுருக்கினால் மாவு உருண்டை நினைவுக்கு வரும், இலக்கணமும் இடிக்கும். மா முன் வகர உடம்படுமெய்தான் வர வேண்டும். ‘போலி இரை’ புணர்ச்சியில் பிழையில்லை, ஆனால் இன்று போலி என்றால் போலி மருந்து, போலிப் பத்திரம். கடைக்காரர் தரமில்லாததைத் தந்துவிட்டார் என்று பொருள்படும்.

நான் சொல்வது பொய்யிரை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பதால் பொய்யும் இரையும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. முன்மாதிரியும் நம்மிடம் உண்டு, பொய்க்கால் குதிரை. பொய்க்கால் மட்டமான கால் என்று யாரும் நினைப்பதில்லை. கால் அல்லாத ஒன்று கால் செய்யும் வேலையைச் செய்கிறது. இதுவும் அப்படியே.

மேலூர், செவ்வாய் காலை

பொய் என்பது வசைச்சொல். ஒரு கருவிக்கு அதைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

தூண்டிற்பொன் கடினமென்றால் அகநானூறு 36 இருக்கிறது, நம் மதுரை நக்கீரர் பாட்டு. ‘பகுவாய் வராஅல் பல்வரி இரும்போத்துக் கொடுவாய் இரும்பின் கோளிரை துற்றி’. வரால் அந்த இரையைக் கவ்விக்கொண்டு ஆம்பல் இலையைக் கிழித்து, குவளையைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, தூண்டில் வேட்டுவன் இழுக்க வராமல் நிற்கிறது. கயிறு போட்ட காளை சினந்தாற்போலக் குளத்தை உழக்குகிறதாம். தூண்டிலில் பெரிய மீன் பட்டவர்களுக்கு இந்த வரிகளை விளக்க வேண்டியதில்லை. கோள் என்பது கொள் முதனிலை நீண்டது. மீனைக் கொள்ளும் இரை கோளிரை. எவ்வளவு பொருத்தம்!

அலங்காநல்லூர், செவ்வாய் மதியம்

ஐயா, அந்தக் காளை வரியைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. மூலத்தில் ‘கதச்சே’ என்று இருக்கிறது. சே என்றால் காளை. எங்கள் ஊரில் யாரும் இப்போது சே என்பதில்லை, சேங்கன்று என்பதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேவல் என்பதோடு இதற்குத் தொடர்பு உண்டா? தனி இழையாகத் தொடங்கலாமா?

இன்னொன்று. இங்கே கண்மாயில் விராலுக்கு ரப்பர் தவளை போடுகிறார்கள், முன்னே நிஜத் தவளைதான் போடுவார்கள். நக்கீரர் பாடிய அதே மீன்தான்.

உசிலம்பட்டி, செவ்வாய் இரவு

லூருக்கு இத்தனை பேர் போராடுகிறீர்கள், தங்கூஸை ஏன் விட்டுவிட்டீர்கள்? தூண்டில் நரம்பு என்று எழுதலாமே. ரீல் அப்படியே இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒன்றைத் தமிழாக்கி இரண்டை விட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்?

கே.கே. நகர், புதன் காலை

தங்கூஸ் கரையெல்லாம் பரவி, பாட்டிமார் வாயில் வரை புழங்குகிறது. அது நம் சொல்லாகிவிட்டது. லூர் இன்னும் கடைக்கும் செல்பேசிக்கும் இடையில்தான் நிற்கிறது. வேரூன்றாததை மாற்றலாம், வேரூன்றியதைப் பிடுங்க வேண்டாம். என் அளவுகோல் அவ்வளவுதான். கோளிரை எனக்கும் பிடிக்கிறது ஐயா. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோள் என்றால் செவ்வாயும் வியாழனும்தான்.

திருநகர், வியாழன் இரவு

நேற்று அக்கா மகனிடம் படியைக் கொடுத்து, மூன்று பெயர்களையும் காட்டினேன். அவன் இதுவரை கடலில் தூண்டில் போட்டதில்லை. தூண்டிற்பொன்னைப் பார்த்து, “தங்கத்துல முள் செய்வாங்களா மாமா?” என்றான். கோளிரையை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். பொய்யிரைக்கு, “நிஜ இரை இல்ல, அப்படித்தானே” என்றான். எனக்கு அது போதும்.

ஐந்து பேர் பொய்யிரை, இரண்டு பேர் தூண்டிற்பொன், பாம்பன் தம்பி லூர். ஆகவே கையேட்டில் பொய்யிரை. கடையில் கேட்டு வாங்க வேண்டுமே என்பதால் முதல் தடவை வரும் இடத்தில் ‘கடைகளில் லூர் என்று கேளுங்கள்’ என ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஆண்கடல், பெண்கடல் என்று இடங்களைப் பிரித்துவிட்டேன். அரிச்சல்முனை வரியை எடுத்தாயிற்று, தீவுகள் பற்றிய எச்சரிக்கை உள்ளட்டையில் வருகிறது. ஊழி மீன் பல்லுக்குத் தங்கூஸ் தாங்காது, முனையில் ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும் என்பதையும் எழுதிவிட்டேன். போன மாதம் கம்பி கட்டாமல் வீசி, மண்டபத்தில் இரண்டு பொய்யிரைகளை ஊழிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நக்கீரர் வரிகளை முதல் பக்கத்தில் தனியாகப் போட்டிருக்கிறேன், ஐயா.

மேலூர், வியாழன் இரவு

முதல் பக்கத்து வரிகளுக்கு நன்றி, தம்பி. ‘வராஅல்’ என்று அளபெடையோடு அச்சாகிறதா என்று மெய்ப்பில் பாருங்கள், அச்சகத்தார் அகரத்தை விட்டுவிடுவார்கள். பொய்யிரைக்கு என் இசைவு இல்லை என்பதைக் குழுவின் பதிவில் வையுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி பேசுவேன்.

பாம்பன், வெள்ளி காலை

தண்ணீர் மேலே சளப்சளப் என்று அடித்துக்கொண்டு வருமே, அந்தப் பாப்பருக்கு என்ன பெயர் போட்டிருக்கிறீர்கள் அண்ணே?