சுனாமி நிவாரணம்: வந்து குவிந்ததில் எது உதவியது, எது பாழானது?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர், மட்டக்களப்பு என்று எல்லாப் பக்கமும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். களத்தில் கண்டதை எழுதுங்கள். யார் எவ்வளவு தியாகம் செய்தார் என்பது வேண்டாம். அளவு, முறை, எங்கே பிசகியது என்பது போதும்.

கிடங்குக்காரர்
முதலில் துணி. அந்த ஜனவரியில் நாகை சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. ஓடும் லாரியிலிருந்தே வீசிவிட்டுப் போனவர்கள் உண்டு. கம்பளிச் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், சாயம்போன சுடிதார். மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. சம்பாதித்து உடுத்திய சனம், அடுத்தவர் கழற்றிப் போட்டதை ஏன் உடுத்தும்? மழையில் நனைந்து, மாடு மிதித்து, கடைசியில் அதை அகற்றுவதே தனி வேலையானது. டெல்லியின் கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலை எடுத்துப் பிரித்து வேறு பயனுக்கு மாற்றியது தனிக்கதை.

புடவை நிறைய வந்தது. பாவாடையும் ரவிக்கையும் இல்லாமல் புடவையை என்ன செய்வது? பெண்களுக்கு உடனே தேவைப்பட்டவை உள்ளாடை, பாவாடை, நைட்டி, மாதவிலக்குத் துணி. இவற்றைக் கேட்க அவர்களுக்கும் கூச்சம், எழுதி அனுப்பச் சேகரிப்பவர்களுக்கும் கூச்சம்.

அனுப்புகிறவர்கள் கவனிக்க: துணி புதிதாக இருக்கட்டும். ஒரு மூட்டையில் ஒரே வகை. மூட்டை 20, 25 கிலோவைத் தாண்டினால் ஒற்றை ஆளால் தூக்க முடியாது, பிரித்துப் போட்டுவிடுவார்கள். என்ன, எத்தனை, எந்த அளவு என்று இரண்டு பக்கமும் தமிழில் எழுதுங்கள். முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்றுங்கள். போகும் ஊரில் ஒருவரிடம் பேசி, இறக்க இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே வண்டி கிளம்பட்டும். இல்லையென்றால் சாலையோரக் குப்பத்துக்கே ஐந்தாவது அடுப்பும் போகும், உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு ஒரு பாயும் போகாது. சிஃப்ஸ் (மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு), சிநேகா (தொண்டு நிறுவனம்) இரண்டும் சேர்ந்து நாகையில் தொண்டு நிறுவனங்களுக்கு ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது இதற்காகத்தான்.

கொண்டல்
இன்னொன்றும் உண்டு: வரிக்கணக்கு. பட்டினவர் (மீனவச் சாதி) ஊர்களில் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்தார் கைக்குப் போய், ஊருக்கு வரி கட்டும் குடும்பங்களுக்குச் சரிசமமாகப் பிரியும். 200 வரி, அதாவது வரி கட்டும் 200 குடும்பம், உள்ள ஊருக்கு 150 ஸ்டவ் கொண்டுபோனால் அது கோயிலிலோ மண்டபத்திலோ பூட்டிக் கிடக்கும், மீதி 50 வரும்வரை. வெளியூர்க்காரர்கள் இதைப் பதுக்கல் என்று நினைத்துச் சண்டை போட்டார்கள். ஊருக்குள் பகை வராமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

ஓட்டையும் அதில்தான். பல ஊர்களில் விதவைக்கு அரை வரி, அல்லது வரியே கிடையாது. கரையில் கூலிவேலை பார்த்த தலித்துகள், இருளர் குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆகவே வரி எத்தனை என்று முதலில் கேளுங்கள். வரிக்கு வெளியே யார் யார் என்று தனியாக விசாரித்து, அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)
எங்கட பக்கம் அதிகம் கெட்டது கிணறு. வாவிக்கும் (கடலோர உப்பங்கழி) கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டில் மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல் மெல்லிசாக மிதக்குது. அலை வந்து கிணற்றை நிரப்பினதும், உதவிக்கு வந்த ஆட்கள் பம்பை வைத்து அடிமட்டம்வரை இறைச்சுத் தள்ளினவை. கணக்குப்படி நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். இறைக்க இறைக்கக் கரிப்புக் கூடினதுக்குக் காரணம் இதுதான். ஒரு குழு இறைச்சிட்டுப் போக, அடுத்த கிழமை இன்னொரு குழு வந்து அதே கிணற்றை இறைக்கும்.

செய்ய வேண்டியது: குப்பை, சேறு, செத்த உயிர்களை அகற்றி, ஒரு தரம் மட்டும் மெதுவாக இறைக்கிறது. இறைத்த தண்ணியைக் கிணற்றடியில் ஊற்றாமல் தூரத்தில் விடுறது. கிணற்றுக் கட்டில் இறைச்ச திகதியைப் பெயின்டால் எழுதுறது. பிறகு பவுசர் (தண்ணி லொறி) தண்ணியில் சமாளிச்சு, மாரி வரும்வரை பொறுக்கிறது. உப்பைக் கழுவுறது மழைதான்.

பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு, உப்புக்கு இல்லை. வழக்கமான அளவு 1000 லீற்றருக்கு 2.5 கிராம். ஒரு மீற்றர் விட்டம், இரண்டு மீற்றர் தண்ணி என்றால் 1570 லீற்றர், சுமார் 4 கிராம். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கினதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணித்தியாலம் விடவேணும். எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால் சரி. கலங்கின தண்ணியில் எவ்வளவு போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும். பவுடரை அள்ளிக் கொட்டின கிணறுகளின் தண்ணியைச் சனம் மணம் தாங்காமல் குடிக்காமலே விட்டது.

அணியம்
போட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டுமரம் இழந்தவருக்கெல்லாம் ஃபைபர் போட் கொடுத்தார்கள், சில ஊர்களில் முன்பு இருந்ததைவிட அதிகமாக. ஆளுக்கு ஒரு போட் என்றானதும் கூட ஏற நாலு ஆள் கிடைக்காமல் பல போட்டுகள் மணலிலேயே கிடந்தன. போட்டின் உடம்பு மட்டும் கொடுத்து எஞ்சினும் வலையும் கொடுக்காதவர்கள் பாதித் தொழிலைத்தான் கொடுத்தார்கள். கவலை மீன் வலையால் நண்டு பிடிக்க முடியாது. எந்த வலை என்று கேட்டு வாங்க வேண்டும்.

அவசர ஆர்டரில் தரமும் போனது. வாங்கும்போது நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே காற்று நிற்கிறது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். ஃபைபர் மிதக்க வேண்டுமானால் உள்ளறைகளில் தெர்மக்கோல் அடைத்திருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

கிடங்குக்காரர்
டிசம்பர் 30ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி மத்திய உள்துறை மறுபடி அலை வரும் என்று எச்சரிக்க, கரை முழுக்க ஓட்டம். பிணம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். அன்றே மறுத்தார்கள், ஆனால் வேலை ஒரு நாள் நின்றது. ஹைதராபாத் இன்காய்ஸில் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. 2012 ஏப்ரல் 11 சுமத்ரா நிலநடுக்கம் 8.6. சென்னையிலும் ஆட்டம் தெரிந்தது, மெரினாவைக் காலி செய்தார்கள். கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசியதால் கடல் பெரிதாக எழவில்லை.

கொண்டல்
அன்றும் கடலைப் பார்க்கப் போனவர்கள் இருந்தார்கள்! 2004இல் முதல் அலை வடிந்ததும் மீன் பொறுக்கவும் பொருள் எடுக்கவும் இறங்கியவர்களை அடுத்த அலை அடித்தது. எச்சரிக்கை வந்தால் கரையோரச் சாலையில் ஓடாமல், கடலை விட்டு உள்ளே போங்கள். ஆற்றங்கரை வழி வேண்டாம், முகத்துவாரத்தில் தண்ணீர் இன்னும் உள்ளே ஏறும். ஆழத்தில் தொழில் செய்பவர்கள் கரைக்குத் திரும்பக் கூடாது.