மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கான கோல்ட் ஹியூமனிசம் கௌரவம் கிடைச்சிருக்கு, ஏஓஏங்கற இன்னொண்ணு வரல. ரெசிடென்சிக்கு (படிப்பு முடிஞ்சு செய்ற ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி) இது உதவுமா?

தூக்கமில்லாஅம்மா:
பொண்ணு இங்க அமெரிக்கால மெடிக்கல் ஸ்கூல் மூணாவது வருஷம். போன வாரம் கோல்ட் ஹியூமனிசம் ஹானர் சொசைட்டில செலக்ட் ஆயிட்டேன்மான்னு போன் பண்ணா, நானும் வாய வச்சிட்டு சும்மா இருக்காம சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல போட்டுட்டேன். அங்க ஒரு அண்ணா, "ஏஓஏ தான் அசல், இது ஆறுதல் பரிசு"ன்னு எழுதிட்டார். அவ அதப் படிச்சிட்டு ரெண்டு நாளா சரியா பேசல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

நைட்கால்_நாராயணன்:
அக்கா, மொதல்ல வாழ்த்துக்கள். ரெண்டும் வேற வேற. ஏஓஏன்னா ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா, நல்லா படிக்கிற மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கான ஹானர் சொசைட்டி, 1902ல சிகாகோல வில்லியம் ரூட்னு ஒரு ஸ்டூடண்ட் ஆரம்பிச்சது. பேருக்கு லீடர்ஷிப், சர்வீஸ்னு எல்லாம் பாப்பாங்க, ஆனா பல வருஷமா கிளாஸ்ல மேல இருக்குற கால்வாசி பேருக்குள்ள வந்தா தான் உங்க பேரையே எடுத்துட்டு இருந்தாங்க. கோல்ட் ஹியூமனிசம் அப்படி இல்ல, கூடப் படிக்கிறவங்களே பேர் எழுதிக் குடுக்கணும், "உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட விடுவீங்க"ங்கற மாதிரி கேள்வி இருக்கும். வெள்ளை கோட் போட்டு விடுற விழா இருக்குல்ல, 1993ல கொலம்பியால அத ஆரம்பிச்ச அதே கோல்ட் ஃபவுண்டேஷனோடது தான் இதுவும்.

எங்க பேட்ச்ல ஒருத்தன். ரவுண்ட்ஸ்ல ஒரு தாத்தாவுக்கு காது மெஷின்ல பேட்டரி போயிருச்சு, அட்டெண்டிங்ல (பொறுப்பு டாக்டர்) இருந்து எல்லாரும் கத்துறோம், அவர் பாவம் சும்மா தலையாட்டுறார். இவன் ஸ்டெத்தக் கழட்டி அவர் காதுல மாட்டி, அந்தப் பக்கம் வாய வச்சு மெதுவா பேசினான். தாத்தா கேட்ட மொத கேள்வியே "எனக்கு என்னிக்கு ஆபரேஷன்?" ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. ஓட்டு போடுறப்ப எங்க எல்லாருக்கும் அவன் ஞாபகம் தான்.

சந்தேகப்பிராணி:
கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கிளாஸ்ல ஓட்டுன்னா நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேசுறவங்களுக்குத் தான விழும்? எங்க பேட்ச்ல வாயே தெறக்காத பொண்ணு ஒருத்தி, டியூட்டி முடிஞ்சும் பேஷன்ட் பக்கத்துல உக்காந்திருப்பா. ஒருத்தரும் அவ பேர எழுதல, நான் உட்பட. இப்பவும் உறுத்துது.

மேட்ச்_முடிஞ்சவ:
அது நடக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக ஏஓஏ மட்டும் சுத்தமான தராசுன்னு நெனைக்காதீங்க. 2017ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ங்கற மருத்துவ ஜர்னல்ல ஒரு ஸ்டடி வந்துச்சு, யேல் யுனிவர்சிட்டி ரெசிடென்சிக்கு அப்ளை பண்ண 4,655 பேர வச்சு. ஸ்டெப் 1ங்கற லைசென்ஸ் பரீட்சை ஸ்கோர், ரிசர்ச்னு எல்லாத்தையும் கணக்குல எடுத்தப்புறமும், வெள்ளைக்கார பசங்களோட ஒப்பிட்டா கறுப்பின பசங்களுக்கு ஏஓஏ வாய்ப்பு கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு, நம்மள மாதிரி ஆசியப் பசங்களுக்கு பாதி. நியூயார்க் மவுண்ட் சினாய் மெடிக்கல் ஸ்கூல்ல 2018ல ஏஓஏவுக்கு ஸ்டூடண்ட்ஸ எடுக்குறதையே நிறுத்தி வச்சாங்க. அந்த அண்ணாவுக்கு இத அனுப்புங்க அக்கா 😄

ரெசிடென்சி விஷயத்துக்கு வரேன். டெர்ம் (தோல்), ஆர்த்தோ (எலும்பு) மாதிரி போட்டி அதிகம் உள்ளதுல ஏஓஏவுக்கு இன்னும் மவுசு இருக்கு, மழுப்ப வேணாம். 2022ல ஸ்டெப் 1 வெறும் பாஸ் ஃபெயில் ஆனதுல இருந்து அந்த மார்க்க வச்சு வடிகட்ட முடியல, அதனால இந்த மாதிரி பேரெல்லாம் கண்ணுல படும். பொண்ணு எதுக்கு அப்ளை பண்றா?

தூக்கமில்லாஅம்மா:
பீடியாட்ரிக்ஸ் பா, குழந்தைங்க வைத்தியம். குரூப்ல போட்டத டெலீட் பண்ணலாம்னு பாத்தேன், இப்ப வேணாம்னு தோணுது.

மேட்ச்_முடிஞ்சவ:
பீடியாட்ரிக்ஸா! டெர்ம், ஆர்த்தோ அளவுக்குப் போட்டி இல்ல, அப்ப என்ன அக்கா கவலை. அப்ளிகேஷன்ல சொசைட்டி பேர் மட்டும் போட்டு விட்றாம, பேஷன்டோட நடந்த ஒரு சம்பவத்த பெர்சனல் ஸ்டேட்மென்ட்ல எழுதச் சொல்லுங்க, இன்டர்வியூல அதப் பத்தி கேக்கலாம்.