அடுத்த ஜெனரேஷன் கன்சோல்: எதைப் பாத்து முடிவு பண்றது?

பிக்சல்_பித்தன்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி இது. சோனியோட பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ரெண்டும் 2020 நவம்பர்ல ஒரே வாரத்துல வந்துச்சு, இப்போ சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் அடுத்த மிஷினுக்கு சிப் டிசைன் பண்ற ஏஎம்டி கூட சேர்ந்து வேலை பாக்குறோம்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. என்கிட்ட இருக்குறது எக்ஸ்பாக்ஸ், கேம் எல்லாமே டிஜிட்டல்ல வாங்கினது. அடுத்ததும் இதே பக்கம் இருக்கலாமா இல்ல சோனி பக்கம் தாவிடலாமான்னு ஒரே குழப்பம். வீடியோ எதைப் பாத்தாலும் டெராஃப்ளாப்ஸ் (ஒரு செகண்ட்ல எத்தனை லட்சம் கோடி கணக்கு போடும்ங்கற அளவு) பத்தித் தவிர வேற பேச்சே இல்ல. யார்கிட்ட பவர் அதிகம்னு பாத்து முடிவு பண்ணலாமா, வேற எதையாவது பாக்கணுமா? ஃபேன் சண்டை மட்டும் வேணாம் ப்ளீஸ்.

பழைய_கார்ட்ரிட்ஜ்:
பவரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ரோ. இந்த ஜெனரேஷன்லயே சீரீஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப்ஸ், பிஎஸ்5 10.28, பேப்பர்ல எக்ஸ்பாக்ஸ் தான் பெருசு, ஆனா ஒரே கேமை ரெண்டுலயும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டா வித்தியாசம் கண்டுபிடிக்கவே கண்ணைச் சுருக்கிப் பாக்கணும், ஏன்னா உள்ள ரெண்டுலயும் ஏஎம்டி ஜென் 2 ப்ராசஸர், எட்டு கோர், கிராஃபிக்ஸும் அதே குடும்பம் தான்.

உண்மையான போட்டி லைப்ரரில, அதாவது நாம வாங்கிச் சேர்த்து வச்ச கேம்ல தான் இருக்கு. 2013ல எக்ஸ்பாக்ஸ் ஒன், கினெக்ட்ங்கற கேமராவையும் சேர்த்துக் கட்டி 499 டாலர், பிஎஸ்4 399 டாலர், ஜனங்க பிஎஸ்4 பக்கம் போனாங்க. அப்போ தான் ஆளாளுக்கு டிஸ்க்கை விட்டுட்டு டிஜிட்டல்ல வாங்க ஆரம்பிச்சாங்க. சேர்த்து வச்ச பிஎஸ்4 கேம் கிட்டத்தட்ட எல்லாமே அப்படியே பிஎஸ்5ல ஓடுது, அப்புறம் எவன் பக்கம் மாறுவான்? தோக்கக் கூடாத ஜெனரேஷன்ல தோத்துட்டோம்ங்கற அர்த்தத்துல அப்போ எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த பில் ஸ்பென்சரே 2023ல ஒரு பேட்டில வெளிப்படையா சொன்னாரு. அதனால நீங்க பாக்க வேண்டிய முதல் விஷயம், ஏற்கனவே காசு குடுத்து வாங்கினது புது மிஷின்ல ஓடுமா ஓடாதா.

மூணாவது_கன்ட்ரோலர்:
லைப்ரரி முக்கியம் தான், ஆனா அதை மட்டுமே பிடிச்சுக்கிட்டா வரலாறு இடிக்குது தல. பிஎஸ்2 மாதிரி ஒரு லீட் யாருக்கும் கிடைச்சதில்ல, 16 கோடி வித்துச்சு. அதுக்கு அடுத்து 2006ல பிஎஸ்3 வந்தப்போ என்ன ஆச்சு? பெரிய மாடல் 599 டாலர், எக்ஸ்பாக்ஸ் 360 வந்து ஒரு வருஷம் கழிச்சு, உள்ள செல்னு ஒரு ப்ராசஸர், அதுக்கு கோட் எழுதறதுக்குள்ள டெவலப்பர்களுக்கு உயிர் போச்சு, ரெண்டு மிஷின்லயும் வந்த கேம் பாதி 360ல தான் நல்லா ஓடுச்சு. பிஎஸ்2 கேம் ஆரம்ப மாடல்ல ஓடியும் அது காப்பாத்தல. அதே நேரத்துல பவர்ல ரெண்டுக்கும் கிட்டக்கூட வராத நின்டெண்டோவோட வீ 10 கோடியைத் தாண்டுச்சு, காரணம் விலையும் கையை ஆட்டி விளையாடுற அந்த ரிமோட்டும் தான். அடுத்ததா அதே நின்டெண்டோ வீ யூ-ன்னு ஒண்ணு விட்டு ஒன்றரைக் கோடி கூட விக்க முடியல! இந்தத் தொழில்ல முன்னாடி ஜெயிச்சவன் அடுத்த தடவையும் ஜெயிப்பான்னு எந்த கேரண்டியும் கிடையாது.

இந்த தடவை விலை இன்னும் மோசமா கடிக்கும்னு தான் எனக்குத் தோணுது. முன்னாடில்லாம் கன்சோல் பழசாக ஆக விலை குறையும், இந்த ஜெனரேஷன்ல ஏறுது. பிஎஸ்5 ப்ரோ 2024ல வந்தப்பவே 699 டாலர், அதுலயும் டிஸ்க் டிரைவ் தனியா வாங்கணும். 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிட்டுப் போறதால ரேம் விலை வேற எகிறிடுச்சு, கன்சோல் செலவுல மெமரி பெரிய பங்கு. யாரு இதுல கம்மி விலைக்கு ஒரு மிஷினை இறக்குறாங்களோ அவங்க கை தான் ஓங்கும்.

ஃப்ரேம்_கணக்கு:
ரெண்டு பேரும் சொல்றதுல ஒண்ணு விட்டுப் போச்சு, அப்ஸ்கேலிங். கேமை சின்ன ரெசல்யூஷன்ல வரைஞ்சு மெஷின் லேர்னிங் வச்சு பெருசாக்குறது. கம்பி வேலி, தலைமுடி, தூரத்து மரத்து இலை, இந்த மாதிரி மெல்லிசான இடத்துல கேமராவை மெதுவா திருப்பிப் பாருங்க, பழைய முறைல ஓரமெல்லாம் மினுமினுன்னு துடிக்கும், நல்ல அப்ஸ்கேலிங்ல கம்பி கம்பியா தெளிவா நிக்கும். நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2 அவ்ளோ சின்ன மிஷினா இருந்தும் என்விடியாவோட டிஎல்எஸ்எஸ்ங்கற அப்ஸ்கேலிங்கை வச்சுத்தான் சமாளிக்குது. சோனி பிஎஸ்5 ப்ரோல பிஎஸ்எஸ்ஆர்னு சொந்த அப்ஸ்கேலிங் கொண்டு வந்துட்டு, இப்போ ஏஎம்டி கூட அமெதிஸ்ட்ங்கற பேர்ல அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாங்க, 2025 அக்டோபர்ல பிஎஸ்5 மிஷினை வடிவமைச்ச மார்க் செர்னியே அதைப் பத்தி விளக்கி ஒரு வீடியோ போட்டாரு. வர்ற மிஷின்ல டெராஃப்ளாப்ஸ் நம்பரை விட இது எவ்ளோ நல்லா இருக்குங்கறது தான் கண்ணுக்குத் தெரியும்.

பிக்சல்_பித்தன்:
அருமை மக்களே, இவ்ளோ விளக்கமா யாரும் சொன்னதில்ல. ஒரே ஒரு சந்தேகம், எக்ஸ்பாக்ஸோட சொந்த கேமான ஹேலோவே பிஎஸ்5க்கு வருதுன்னு அறிவிச்சுட்டாங்க, ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஏற்கனவே வந்துடுச்சு. அப்போ எக்ஸ்பாக்ஸ்லயே இருக்குறதுல என்ன பிரயோஜனம்? நாளைக்கு அவங்க கடையை மூடிட்டா என் கேம் எல்லாம் என்ன ஆகும்?

பழைய_கார்ட்ரிட்ஜ்:
மூடுற எண்ணம் இருக்குற மாதிரி தெரியல ப்ரோ. 2025 ஜூன்ல ஏஎம்டி ஒப்பந்தத்தை அறிவிச்சப்போ பழைய லைப்ரரி ஓடும், ஒரே ஸ்டோருக்குள்ள பூட்டி வைக்க மாட்டோம்னு சொல்லிருக்காங்க. பழைய கேம் விஷயத்துல அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, சீரீஸ் எக்ஸ்ல 360 டிஸ்க் நிறைய ஓடும், பிஎஸ்5ல பிஎஸ்3 டிஸ்க்கைப் போட்டா ஒண்ணும் நடக்காது. ஆனா சோனியோட சொந்த கேம் தான் வேணும்னா எக்ஸ்பாக்ஸ்ல அது பெரும்பாலும் வராது, அங்க தான் அவங்களுக்கு பெரிய அடி. உங்க லைப்ரரி பெருசுன்னா இருக்குற இடத்துலயே இருங்க, புது மிஷின் விலையை ரெண்டு பேரும் சொல்ற வரைக்கும் எதையும் விக்காதீங்க. இடைல கேம் வாங்குறப்போ எக்ஸ்பாக்ஸ் ப்ளே எனிவேர்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஒரு தடவை வாங்கினா பிசிலயும் ஓடும், சேவும் கூடவே வந்துடும்.