எக்ஸ்எஃப்எல்ஆர் 5: 7 டிகிரிக்கு மேல் கணக்கு நிற்கிறது

கொழிஞ்சாம்பாறை:
என் மாதிரி விமானத்தின் இறக்கையை எக்ஸ்எஃப்எல்ஆர் 5 என்ற காற்றியக்கக் கணிப்பு நிரலில் சோதிக்கிறேன். இறக்கை நீளம் 1.5 மீட்டர், அடியில் அகலம் 20 செ.மீ., நுனியில் 12. எடை 900 கிராம். இறக்கையின் குறுக்குவெட்டு கிளார்க் ஒய் வடிவம். ரெனால்ட்ஸ் எண் (வேகமும் இறக்கை அகலமும் கூடினால் கூடும் காற்றோட்ட எண்) 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை போலார் (கோணத்துக்கு ஏற்ற தூக்குவிசை, இழுவிசை வரைபடம்) எடுத்திருக்கிறேன். நிலைத்த தூக்குவிசை முறையில் (தூக்குவிசை எடைக்குச் சமமாகவே இருக்க, வேகம் மாறும்) ஓட்டினால், காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் 7 டிகிரியைத் தாண்டியதும் பிழை வருகிறது. ஏன்?

கோவிந்தாபுரம்:
நுனியைப் பாருங்க. கோணம் ஏற ஏற வேகம் குறையும். 8 மீ/வி வேகத்தில் 12 செ.மீ. நுனிக்கு ரெனால்ட்ஸ் எண் சுமார் 60,000 தான்; உங்க போலாரில் அது இல்லை. 30,000 முதல் 3 லட்சம் வரை எடுங்க. கீழ்ப்பகுதியில் 10,000 இடைவெளி போதும். கோணத்தை 0-விலிருந்து 0.25 படியில் ஏற்றுங்க. நேராக 8-இல் தொடங்கினால், போலாரைக் கணக்கிடும் எக்ஸ்ஃபாயில் பெரும்பாலும் விடைக்கு வராது.

வாளையார்:
அதோடு உடற்பகுதியைக் கணக்கில் சேர்க்காதீங்க, முடிவு கெடும். ஆனால் அதன் இழுவிசை விட்டுப்போவதால், நிஜத்தில் சறுக்குதூரம் திரையில் காட்டுவதைவிடக் குறையும்.

எடைமையத்தை நகர்த்திக்கொண்டே போங்க. எடைமையம் எங்கே இருக்கும்போது, கோணத்துக்கு எதிரே வரைந்த சுழல்திறன் (மூக்கை ஏற்றி இறக்கும் விசை) கோடு படுக்கையாகிறதோ, அந்த இடம்தான் நடுநிலைப் புள்ளி. அதற்கு 1.6 செ.மீ. முன்னால், அதாவது சராசரி அகலத்தில் 10 சதவீதம், எடைமையம் இருக்கட்டும். ஆடியில் நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு 18 மீ/வி வரைக்கும் ஓட்டிப் பாருங்க.