மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு: கேபினெட்டுக்குள் மாட்டியதும் திரை வரவில்லை, போர்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸருக்காக, எக்ஸ்670ஈ சிப்செட் உள்ள உயர்தர மினி-ஐடிஎக்ஸ் (சிறிய சதுர அளவு) மதர்போர்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். மேசைமேல் வைத்து, கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக ஸ்லாட்டில் செருகியபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. கேபினெட்டுக்குள் மாட்டி, அதனுடன் வந்த ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) வழியாகக் கார்டை இணைத்த பிறகு மின்விசிறிகள் சுற்றுகின்றன. மானிட்டரில் மட்டும் எதுவும் வருவதில்லை. பழுது போர்டில்தானா? விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுத்தப்போகும் எனக்கு இந்தப் போர்டு தகுமா? திருப்பிக் கொடுப்பதற்கான கெடு நெருங்குவதால் கேட்கிறேன்.

முதல் பதில்:
நேரடியாகச் செருகினால் ஓடுகிறது என்பதால் போர்டைவிட ரைசர் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதில் பிசிஐஇ (கார்டும் போர்டும் இணையும் முறை) 3.0 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய கார்டும் போர்டும் குறைந்தது 4.0 வேகத்தில் இணைய முயலும்; 3.0க்கென்று செய்த கேபிளோ அதில் பாதி வேகத்துக்குத்தான் உத்தரவாதம். இடையில் இருப்பது எந்தத் தரத்துக் கேபிள் என்பதைப் போர்டால் அறிய முடியாததால், ஆட்டோ அமைப்பில் இணைப்பு தடுமாறித் திரை கறுப்பாகவே நிற்பதுண்டு.

மானிட்டரைப் போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். உங்கள் பிராசஸரிலேயே சிறிய கிராஃபிக்ஸ் இருப்பதால் பயாஸ் (போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) திறக்க வாய்ப்புண்டு. ஸ்லாட் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென் 3க்கு (அதாவது பிசிஐஇ 3.0க்கு) மாற்றிச் சேமித்து, மானிட்டரை மீண்டும் கார்டுக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் பதில்:
அதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பயாஸ் அமைப்புகளை அழித்தாலோ ரேமை மாற்றினாலோ உங்களுடையதைப் போன்ற ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் மெமரி டிரெய்னிங்குக்காக (ரேமுக்கு ஏற்ற அமைப்பைப் போர்டு தானே கண்டறிவது) சில நிமிடங்கள் திரையில்லாமல் நிற்கும். போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிகிறதென்று அவசரப்பட்டுப் பவரை நிறுத்திவிடாதீர்கள்.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ்670ஈ என்பது இரண்டு சிப்களைச் சேர்த்து அமைத்த சிப்செட். கூடுதல் ஸ்லாட்டுகளுக்கும் போர்ட்டுகளுக்கும்தான் அது பயன்படும். மினி-ஐடிஎக்ஸின் 170 மில்லிமீட்டர் சதுரத்தில் கார்டுக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கிறது. 120 வாட் டிடிபி (வெப்ப அளவு) உள்ள உங்கள் பிராசஸருக்கு மிகப் பெரிய விஆர்எம்மும் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) அவசியமில்லை. ஒற்றைச் சிப் சிப்செட்டான பி650ஈ உள்ள நல்ல போர்டிலும் விளையாட்டின் வேகம் இதேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. ரேம் ஸ்லாட் இரண்டே இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சேனலுக்கு (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதைக்கு) ஒரு ரேம் என்பதே டிடிஆர்5க்கு உகந்தது. பின்னால் கூட்ட இடமிருக்காது என்பதால் தேவையான அளவை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
கேபிளில் 3.0 என்றுதான் இருக்கிறது. ஜென் 3க்கு மாற்றியதும் திரை வந்துவிட்டது, மிக்க நன்றி. இதனால் கார்டின் வேகம் குறையுமா?

முதல் பதிலளித்தவர்:
கார்டு ஸ்லாட்டின் 16 தடங்களையும் (தரவுப் பாதைகளையும்) பயன்படுத்துவதாக இருந்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் வேறுபாடு மிகச் சிறிதே. எட்டுத் தடம் மட்டும் உள்ள கார்டு என்றால், அதுவும் விரேம் (கார்டின் சொந்த மெமரி) குறைவாக இருந்தால், இழப்பு தெரியும், அப்போது 4.0 ரைசர் வாங்குவது நல்லது. கெடு முடிவதற்குள், போர்டின் பின்புறத்தில் எம்.2 எஸ்எஸ்டி (சிறு பட்டை வடிவச் சேமிப்பகம்) மாட்டியிருந்தால் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து அதன் வெப்பநிலையைப் பாருங்கள். அந்தப் பக்கம் காற்றோட்டம் மிகக் குறைவு.